வண்ணக் கியூபிச நகர ஓவியத்தின் அச்சுப் படி: செட்டிநாட்டு வீட்டுப் பட்டாலைக்கு எது பொருந்தும், எந்த அளவில்?

கண்டனூர் வளவு எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். கண்டனூரில் எங்கள் ஐயா கட்டிய வீட்டைப் பங்காளிகள் எல்லோரும் சேர்ந்து செப்பனிட்டு முடித்திருக்கிறோம். பட்டாலை என்னும் பெரிய கூடத்தின் தெற்குச் சுவர் மட்டும் வெறுமையாக இருக்கிறது. அங்கே வண்ணம் மிகுந்த கியூபிச (காணும் பொருள்களை வடிவத் துண்டுகளாக உடைத்து அடுக்கும் பாணி) நகர ஓவியம் ஒன்றின் தரமான அச்சுப் படியை மாட்ட வேண்டும் என்பது என் விருப்பம். பாரிஸில் வாழ்ந்த ஓவியர்கள் வரைந்த இரண்டு படங்கள் மனத்தில் இருக்கின்றன. ஒன்று, ராபர்ட் டெலோனே 1912-இல் வரைந்த, ஜெர்மனியின் ஹாம்பர்க் கலைக்கூடத்தில் இருக்கும், நகரத்தைப் பார்த்த சன்னல்கள் என்ற ஓவியம். மற்றொன்று, பெர்னாண்ட் லெஜே 1919-இல் வரைந்த, இப்போது அமெரிக்காவின் பிலடெல்பியா கலை அருங்காட்சியகத்தில் இருக்கும், நகரம் என்ற பெரிய ஓவியம்.

இணையத்தில் விற்பவர்கள் எந்தப் படத்தையும் எந்த அளவிலும் தருகிறார்கள்; தாளிலும் உண்டு, கேன்வாஸிலும் உண்டு. சுவரில் ஐந்தடி அகலத்துக்கு இடமிருக்கிறது. எதைத் தேர்ந்தெடுக்கலாம், எந்த அளவில் எடுக்கலாம், முட்டை வெள்ளைக்கரு சேர்த்துப் பூசிய பழைய சுண்ணாம்புச் சுவரில் அதை எப்படி மாட்டலாம் என்று அறிந்தவர்கள் சொல்ல வேண்டுகிறேன். "சாமி படமும் இல்லை, பெரியவர்கள் படமும் இல்லை, இது எதற்கு?" என்று சித்தப்பா ஒருவர் கேட்டிருக்கிறார். அவருக்கும் ஒரு பதில் கிடைத்தால் நல்லது.

கோவிலூர் சாலை எழுதியது:

கேன்வாஸ் மட்டும் வேண்டாம். எங்கள் வீட்டில் இணையக் கடை ஒன்றிலிருந்து வாங்கி மாட்டியது, கார்த்திகை மழை முடிவதற்குள் நடுவில் தொய்ந்து வயிறு தள்ளிவிட்டது. மற்றதை விவரம் தெரிந்தவர்கள் சொல்லட்டும்.

பள்ளத்தூர் ஆச்சி எழுதியது:

சித்தப்பாவுக்கான பதிலை முதலில் சொல்லிவிடுகிறேன். நம் வீடுகளின் சுவர்களில் அச்சுப் படம் தொங்குவது புதிய வழக்கமன்று. ரவிவர்மா 1894-இல் பம்பாயில் அச்சகம் தொடங்கிய பிறகு, லட்சுமியும் சரஸ்வதியும் தமயந்தியும் எண்ணெய் ஓவியம் போலவே பளபளப்பு ஏற்றிய கல் அச்சுப் படங்களாக நாடெங்கும் போனார்கள். செட்டிநாட்டு வளவுகளுக்கும் வந்தார்கள். நம்மவர்கள் அந்தப் படங்களைச் சும்மா மாட்டியதோடு நிற்கவில்லை. சேலைப் பகுதிக்குத் துணி ஒட்டி, சரிகையும் சமிக்கியும் வைத்துத் தைத்து, கண்ணாடி போட்டு மாட்டினார்கள். எங்கள் வீட்டு லட்சுமிக்கு இன்றைக்கும் முந்தானையில் அந்தச் சரிகை இருக்கிறது. பர்மாத் தேக்கு, இத்தாலியச் சலவைக்கல், பெல்ஜியம் கண்ணாடி என்று கடல் கடந்து வந்த எதையும் இந்த வீடுகள் அந்நியம் என்று ஒதுக்கவில்லை. பாரிஸ் நகரம் மட்டும் எப்படி அந்நியமாகும்?

தேர்வைப் பொறுத்தவரை லெஜேதான் என் எண்ணம். பட்டாலை பெரிய இடம். பதினைந்தடி தள்ளி நின்று பார்த்தாலும் தெரிகிற படம் வேண்டும். அந்த ஓவியத்தில் நடுவில் படிக்கட்டு, அதில் முகம் இல்லாத சாம்பல் நிற மனிதர்கள், இரும்புச் சட்டகங்கள், விளம்பரப் பலகையிலிருந்து பிய்த்து எடுத்தாற்போன்ற எழுத்துகள், தட்டையான மஞ்சளும் சிவப்பும் என்று எல்லாமே ஓங்கிப் பேசுகின்றன. ஐந்தடி அகலத்தில் போட்டால் சுவர் நிறையும்.

தேவகோட்டை ரஸ்தா எழுதியது:

ஆச்சி சொன்ன வரலாற்றை அப்படியே ஏற்கிறேன். முடிவில் மட்டும் மாறுபடுகிறேன், காரணத்தைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

லெஜேயின் நகரம் ஏறத்தாழ 2.3 மீட்டர் உயரமும் 3 மீட்டர் அகலமும் கொண்டது. நம் கணக்கில் பத்தடி அகலம். அதைக் கண்டனூர் அண்ணன் வீட்டுச் சுவருக்காக ஐந்தடியாகக் குறைத்தால், அகலம் பாதியாகிறது, பரப்பு கால்வாசியாகிறது. ரவிவர்மாவின் லட்சுமியைக் கால்வாசிப் பரப்பில் அச்சிட்டாலும் அவள் லட்சுமிதான். முகம், தாமரை, யானை என்று கண் தேடுகிற அடையாளங்கள் எல்லாம் சிறிய படத்திலும் இருக்கும். அதனால்தான் அந்த உருவங்கள் நாட்காட்டிக்கும் தீப்பெட்டிக்கும்கூட இறங்கி வர முடிந்தது. லெஜேயின் படத்தில் அப்படிக் கண் பற்றிக்கொள்ள ஒரு முகம் இல்லை. அவர் 1914 முதல் போர்முனையில் இருந்துவிட்டு வந்தவர். திரும்பி வந்து பார்த்த நகரத்தை, ஒருவர் நடந்து போகும்போது இரு புறமும் மோதுகிற துண்டுகளாக அந்தத் துணியில் அடுக்கினார். அந்தப் படிக்கட்டு பார்ப்பவரின் உடம்பளவுக்கு அருகில் இருக்க வேண்டும், தூண்கள் நம்மைவிட உயர்ந்து நிற்க வேண்டும். அதைச் சுருக்கினால் கிடைப்பது நல்ல விளம்பரத் தாள் போன்ற ஒன்று. அழகாக இருக்கும், மறுக்கவில்லை. ஆனால் அந்த ஓவியம் செய்கிற வேலையை அது செய்யாது.

டெலோனேயின் படமோ 46 சென்டிமீட்டருக்கு 40 சென்டிமீட்டர்தான். வீட்டில் இருக்கும் பெரிய தாம்பாளத்தை விடச் சற்றே பெரியது. அதை மூல அளவிலேயே அச்சிட்டு மாட்ட முடியும் என்பது சாதாரண வசதியன்று. ஓவியர் எந்த அளவுக்கு அந்த வண்ணத் திட்டுகளை நினைத்தாரோ அதே அளவில் நம் கண்ணும் பார்க்கும். அதையே நான்கடிக்குப் பெருக்கி விற்பவர்களிடம் வாங்கினால், ஒவ்வொரு தூரிகைத் தடமும் ஏறத்தாழ மூன்று மடங்கு அகலமாகித் தெரியும். அதுவும் சுருக்குவதைப் போலவே ஒரு பிழைதான்.

பள்ளத்தூர் ஆச்சி எழுதியது:

தம்பி, நீங்கள் சொல்வது கலைக்கூடத்துக்குச் சரி. வீட்டுக்கு? பதினெட்டு அங்குலப் படத்தை அந்தப் பெரிய சுவரில் மாட்டினால், தூரத்திலிருந்து பார்க்கிறவருக்குச் சுவிட்ச் பலகை போலத் தெரியும். மூல அளவு என்று சொல்லி மகிழ்வதற்காக இவ்வளவு பெரிய சுவரை வீணாக்கலாமா?

தேவகோட்டை ரஸ்தா எழுதியது:

ஆச்சி, அப்படியானால் சுவரை மாற்றலாம், அளவை மாற்ற வேண்டாம். அந்தப் படம் பட்டாலைக்கு உரியதன்று என்பதே என் வாதம். ஆட்கள் உட்கார்ந்து பேசுகிற சின்ன அறையில், கண் மட்டத்தில், கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டிய படம் அது.

கண்டாங்கி எழுதியது:

டெலோனேயைப் பற்றிப் பேச்சு வந்ததால் தறிக்காரர் வீட்டிலிருந்து ஒரு சொல். இந்த ஓவியருக்கு வழிகாட்டியாக இருந்தது ஓர் ஓவியரின் கோட்பாடு அன்று, ஒரு சாயப் பட்டறைக்கு வந்த புகார். பாரிஸில் கோபலின் என்ற புகழ்பெற்ற சித்திரக் கம்பள நெசவுக்கூடம் இருக்கிறது. அங்கே சாயப் பிரிவுக்குத் தலைவராக இருந்த வேதியியலாளர் செவ்ரல் என்பவரிடம், கறுப்பு நூலில் சாயம் சரியாகப் பிடிக்கவில்லை, வெளிறித் தெரிகிறது என்று புகார் வந்தது. அவர் சோதித்துப் பார்த்தபோது நூலில் குறை எதுவும் இல்லை. பக்கத்தில் ஓடிய நீலமும் ஊதாவும் சேர்ந்து கறுப்பை அப்படிக் காட்டின. ஒரு வண்ணம் தன்னை ஒட்டியிருக்கிற வண்ணத்தால் மாறித் தெரிகிறது என்ற அந்த விதியை அவர் 1839-இல் விரிவாக எழுதி வெளியிட்டார். டெலோனேயின் சன்னல் ஓவியங்களுக்கு அதுதான் அடிப்படை. ஈபெல் கோபுரம் நடுவில் பச்சை நிழலாகத் தெரியும். அதைச் சுற்றி நீலமும் மஞ்சளும் ஆரஞ்சும் ஊதாவும் ஒன்றையொன்று ஏற்றியும் இறக்கியும் காட்டும். கோடு போட்டுப் பிரித்த கட்டடம் அதில் குறைவு. வண்ணம் வண்ணத்தோடு உரசுவதிலிருந்தே நகரம் எழுகிறது.

காரைக்குடிக் கண்டாங்கிச் சேலையில் அரக்குச் சிவப்பை மஞ்சளுக்குப் பக்கத்தில் வைக்கும்போதும், இரண்டுக்கும் நடுவில் கறுப்பு இழை ஓட்டும்போதும் நெசவாளர்கள் பார்ப்பது இதையேதான். கறுப்பு இழை இல்லாமல் நெய்தால் சிவப்பு மங்கியது போல் இருக்கும். சாயம் அதேதான், பாவும் அதேதான். ஆகவே அச்சுப் படியில் கவனிக்க வேண்டியதும் அதுவே: ஒரு வண்ணம் சிறிது பிசகினால் அந்த ஒரு வண்ணத்தோடு நிற்காது, பக்கத்தில் இருப்பதையும் சேர்த்துக் கெடுக்கும்.

மையும் தாளும் எழுதியது:

காரைக்குடியில் அச்சுத் தொழிலில் இருப்பவன் என்ற முறையில், கண்டாங்கி சொன்ன இடத்திலிருந்தே தொடங்குகிறேன்.

ஃப்ளெக்ஸ் கடையில் கிடைக்கும் கேன்வாஸ் அச்சும் கலை அச்சும் ஒன்றல்ல. சாதாரண அச்சில் நான்கு மைகள். டெலோனேயின் ஆரஞ்சும் ஊதாவும் அந்த நான்கு மைகளின் எல்லைக்கு வெளியே போய்விடும். ஆரஞ்சு செங்கல் நிறமாகும், ஊதா சாம்பல் பூக்கும். கலை அச்சுக்கென்று இருக்கும் இங்க்ஜெட் பொறிகளில் எட்டு முதல் பன்னிரண்டு நிறமி மைகள் இருக்கின்றன. சிலவற்றில் ஆரஞ்சும் ஊதாவும் பச்சையும் தனி மைகளாகவே உண்டு. நிறமி மை என்பதை வற்புறுத்திக் கேளுங்கள். கரையும் சாய மை, வெளிச்சத்தில் சீக்கிரம் வெளுக்கும். ஆத்தங்குடிக் கல்லில் ஆக்சைடு நிறமி தலைமுறை கடந்து நிற்கிறது, துணிச் சாயம் வெயிலில் வெளுக்கிறது என்பது நாம் கண்ணால் பார்க்கிற வேறுபாடுதானே.

தாள், பருத்தி நாரால் செய்த, அமிலமற்ற, சதுர மீட்டருக்கு 300 கிராம் அளவுள்ள மேட் தாளாக இருக்கட்டும். பளபளப்புத் தாள் வேண்டாம். முற்றத்து வெளிச்சம் முழுவதும் அதில் தெரியும், படம் தெரியாது. 46-க்கு 40 சென்டிமீட்டர் படத்தை அங்குலத்துக்கு 300 புள்ளி வீதம் அச்சிட ஏறத்தாழ 5,400-க்கு 4,700 புள்ளிகள் உள்ள கோப்பு வேண்டும். அருங்காட்சியகம் எடுத்த கோப்பாக இருந்தால் இது கிடைக்கக்கூடிய அளவுதான். லெஜேயை ஐந்தடி அகலத்தில், 150 புள்ளி வீதம் போட்டாலும் அகலத்துக்கு மட்டும் 9,000 புள்ளிகள் வேண்டும். பழைய புத்தகத்தில் இருந்த படத்தை ஸ்கேன் செய்து மென்பொருளால் ஊதிப் பெருக்கிய கோப்பைத்தான் பல கடைகள் வைத்திருக்கின்றன. தட்டையான மஞ்சளில் பூத்தெடுத்தாற்போல் புள்ளிக் கோலம் தெரிந்தால் புரிந்துகொள்ளலாம்.

முழுப் படத்துக்குப் பணம் கட்டுவதற்கு முன் ஒரு சோதனைத் துண்டு கேளுங்கள். கோபுரத்தின் பச்சையும் அதை ஒட்டிய ஆரஞ்சும் சேர்ந்து வருகிற நான்கங்குலப் பட்டை போதும். அதைக் கடை விளக்கில் பார்த்து ஒப்புக்கொள்ளாமல், மாட்டப் போகிற இடத்திலேயே காலையும் மாலையும் வைத்துப் பாருங்கள். விளக்கு எல்இடி என்றால், நிறங்களை எவ்வளவு உண்மையாகக் காட்டும் என்பதைச் சொல்லும் நிறங்காட்டும் குறியீடு (CRI) 90-க்கு மேல் உள்ளதாக வாங்குங்கள்.

புதுவயல் வாசகன் எழுதியது:

பாரிஸைத் தேடிப் போவானேன்? ககனேந்திரநாத் தாகூர் (1867–1938) கல்கத்தாவில் இருந்துகொண்டே 1920-களில் கியூபிசத்தைக் கையாண்டவர். 1922 டிசம்பரில் கல்கத்தாவில் நடந்த கண்காட்சியில் ஜெர்மனியின் பாவ்ஹவுஸ் கலைப்பள்ளி ஓவியர்களான கிளே, காண்டின்ஸ்கி, பைனிங்கர் ஆகியோரின் படங்கள் வந்தபோது, இவர் படங்களும் அங்கே இருந்தன. கண்ணனின் துவாரகையைக்கூட அவர் ஒளித் துண்டுகளால் ஆன நகரமாக வரைந்தார். சித்தப்பாவுக்கும் சொல்லிவிடலாம்: இது சாமி ஊர்தான் என்று.

பள்ளத்தூர் ஆச்சி எழுதியது:

நல்ல யோசனை, சிரித்தும் விட்டேன். ஆனால் ககனேந்திரரின் நீர்வண்ணங்கள் பெரும்பாலும் அடங்கிய ஒளியும் நிழலும் கொண்டவை. இழையைத் தொடங்கியவர் கேட்டது வண்ணம் மிகுந்த படம். அதை அவர்தான் முடிவு செய்ய வேண்டும்.

கோட்டையூரான் எழுதியது:

காப்புரிமைச் சிக்கல் வராதா?

மையும் தாளும் எழுதியது:

இந்தியச் சட்டப்படி, ஓவியர் இறந்த ஆண்டுக்குப் பின் 60 ஆண்டுகள். டெலோனே 1941-இல் மறைந்தார், லெஜே 1955-இல் மறைந்தார். இருவருடைய படங்களுக்கும் இங்கே காலம் முடிந்துவிட்டது. பிக்காசோ 1973-இல் மறைந்தவர் என்பதால் அவர் படங்களுக்கு 2033 முடியும் வரை உரிமை இருக்கிறது. இதை அறியாமல் அவர் படங்களைத் தாராளமாக அடித்து விற்கிறவர்கள் உண்டு, அது வேறு கதை.

கண்டனூர் வளவு எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. ஆச்சியின் ஆசைக்கு மாறாக என் மனம் டெலோனே பக்கம் சாய்ந்துவிட்டது. ஆனால் ஒரு தடை. ரஸ்தா சொன்னது போலச் சின்ன அறை என்று பார்த்தால், முகப்புக்குப் பக்கத்தில் கணக்கு எழுதும் அறை ஒன்று இருக்கிறது. ஐயா கொண்டுவிற்பனைக் கணக்கு, அதாவது வணிகக் கணக்கு, பார்த்த இடம். அதன் சன்னலுக்கு மேல் வளைவில் சிவப்பும் நீலமும் பச்சையுமாகக் கண்ணாடி பதித்திருக்கிறது. காலை எட்டு மணிக்கு மேல் அந்த வண்ணங்கள் எதிர்ச் சுவரில் விழுந்து, வெயில் ஏற ஏறத் தரைக்கு இறங்கும். படத்தை அந்த எதிர்ச் சுவரில் மாட்டினால் படத்தின் மேலேயே சிவப்புத் திட்டு விழும். சன்னலைப் பற்றிய படத்தின் மேல் உண்மைச் சன்னலின் வண்ணம் விழுவது எனக்கு அழகாகவே தோன்றுகிறது. இது சரியா?

தேவகோட்டை ரஸ்தா எழுதியது:

தோன்றும், ஒரு வாரத்துக்கு. பிறகு சலித்துப் போகும். ஒரு வண்ணம் பிசகினால் பக்கத்தில் இருப்பதும் கெடும் என்று கண்டாங்கி சொன்ன எச்சரிக்கை இங்கேயும் பொருந்தும்: சிவப்பு ஒளி விழுந்த இடத்தில் பச்சைக் கோபுரம் கறுத்துப்போகும், மஞ்சள் ஆரஞ்சாகும். டெலோனே அடுக்கிய கணக்கு எட்டு மணிக்கே குலைந்துவிடும். சன்னல் இருக்கிற அதே சுவரில், சன்னலுக்குப் பக்கத்தில் மாட்டுங்கள். நேர் ஒளி படாது, எதிர்ச் சுவரிலிருந்து திரும்பி வரும் மென்மையான வெளிச்சம் மட்டும் படும். அறைக்குள் வருகிறவர் கண்ணாடியையும் படத்தையும் ஒரே பார்வையில் காண்பார். இரண்டும் ஒன்றின் மேல் ஒன்று ஏறாமல் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும்.

கண்டாங்கி எழுதியது:

ரஸ்தா சொல்வதே சரி. தவிர, தரையில் ஆத்தங்குடிக் கல் என்றால் அதன் கோலமும் கண்ணை இழுக்கும். படத்தைச் சுற்றி வெள்ளைச் சுவர் ஒரு முழமாவது விட்டுவிடுங்கள். பக்கத்தில் நாட்காட்டி, கடிகாரம் எதுவும் வேண்டாம்.

பள்ளத்தூர் ஆச்சி எழுதியது:

கணக்கு அறை என்றால் நானும் ஒத்துக்கொள்கிறேன். அங்கே பதினெட்டு அங்குலம் சரியாக இருக்கும். ஆனாலும் பட்டாலைத் தெற்குச் சுவர் வெறுமையாகத்தானே கிடக்கிறது? பெட்டகத்தில் சுருட்டி வைத்த பழைய ரவிவர்மா எதுவும் இருந்தால் எடுத்துப் பாருங்கள். இல்லையென்றால் காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருக் கடைகளில் ஒரு நடை போய்வாருங்கள்; கண்ணாடி உடைந்து சட்டம் மட்டும் நல்லதாக இருக்கிற தேக்குச் சட்டங்கள் அங்கே கிடைக்கும்.

மையும் தாளும் எழுதியது:

சட்டத்தைப் பற்றிப் பேச்சு வந்ததால் முக்கியமான ஒன்று. ஹாம்பர்க்கில் இருக்கும் அந்த ஓவியத்தில் டெலோனே துணியோடு நிற்கவில்லை. வண்ணத் திட்டுகள் துணியைத் தாண்டி மரச்சட்டத்தின் மேலும் ஓடுகின்றன. அந்தச் சட்டமும் ஓவியத்தில் சேர்ந்ததே. அச்சிடுகிறவர் அதை வெறும் சட்டம் என்று நினைத்துக் கத்தரித்துவிடலாம். கத்தரிக்காமல் அச்சிட்டு வந்தாலும், கண்ணாடி பிரேம் போடுகிறவர் படத்தைச் சுற்றி வைக்கும் மவுண்ட் அட்டையை விளிம்பின் மேல் அரை அங்குலம் ஏற்றி வைத்து மறைத்துவிடுவார், அவர்கள் பழக்கம் அது. ஆகவே படத்தைச் சுற்றி இரண்டங்குலம் வெள்ளைத் தாள் விட்டு அச்சிடச் சொல்லுங்கள். மவுண்ட்டின் திறப்பைப் படத்தைவிடப் பெரிதாக வெட்டச் சொல்லுங்கள். வரைந்த சட்டம் முழுதாகத் தெரிய வேண்டும். வெளிச்சட்டம் ஒடுக்கமாக, மெருகில்லாத தேக்கில், ஒரு கோடு போல இருந்தால் போதும். ஆச்சி சொல்லும் பழைய சட்டங்கள் கொடியும் பூவும் செதுக்கி அழகாக இருக்கும். இந்தப் படத்துக்கு மட்டும் அவை வேண்டாம், சட்டத்துக்குள் சட்டமாகி மோதும்.

பின்பக்கத்துக்கு ஹார்ட்போர்டு போடுவார்கள், மறுத்துவிடுங்கள். நம் வீடுகளில் பெரியவர்களின் பழைய புகைப்படங்களில் பழுப்புப் புள்ளிகள் விழுந்திருப்பதற்கு ஈரத்தோடு அந்த அமில அட்டையும் காரணம். அமிலமற்ற அட்டை வைத்து, பின்புறம் முழுவதும் தாள் நாடா ஒட்டி மூடினால் ராமபாணப் பூச்சியும் நுழையாது. கண்ணாடி தாளைத் தொடக்கூடாது. மழைக்காலத்தில் ஒட்டிக்கொண்டால் பிரித்தெடுக்கவே முடியாது. புற ஊதாக் கதிரைத் தடுக்கும் அக்ரிலிக் கிடைத்தால் கண்ணாடியை விட நல்லது, எடையும் குறைவு.

கண்டனூர் வளவு எழுதியது:

மிக்க நன்றி அண்ணே. கணக்கு அறையில், சன்னல் சுவரில், மூல அளவில் என்று முடிவு செய்துவிட்டேன். சித்தப்பாவிடம் ஆச்சி சொன்ன ரவிவர்மா செய்தியைச் சொன்னேன். "சரி, ஆனால் சுவரில் டிரில் போடக்கூடாது, பூச்சு விட்டால் அதேபோல் பூச இன்றைக்கு ஆள் கிடையாது" என்று நிபந்தனை வைத்துவிட்டார். பங்கு வீடு, மீற முடியாது. வேறு வழி உண்டா?

மையும் தாளும் எழுதியது:

அவர் சொல்வது முழுக்க நியாயம். அந்தப் பூச்சு கண்ணாடி போல் இறுகியிருக்கும். டிரில் அதிர்வில் தட்டு அளவுக்குப் பெயர்ந்து விழும். சன்னல் நிலைக்கு மேலே, கூரையை ஒட்டி மரச்சட்டம் ஓடுகிறதா என்று பாருங்கள். இருந்தால் அதில் இரண்டு பித்தளைக் கொக்கி மாட்டி, மெல்லிய எஃகுக் கம்பியில் கீழே இறக்கித் தொங்கவிடலாம். இந்த அளவுப் படம் அக்ரிலிக்கோடு சேர்ந்து மூன்று கிலோவைத் தாண்டாது. சட்டத்தின் பின்புறம் நான்கு மூலையிலும் அரை அங்குலத் தக்கை ஒட்டுங்கள். சுவருக்கும் படத்துக்கும் இடையில் காற்றோட்டம் இருக்கும், ஈரம் ஏறாது. பழைய படங்களைப் போல முன்னால் சாய்த்து மாட்ட வேண்டாம், கண் மட்டத்தில் நேராக நிற்கட்டும். ஐப்பசி அடைமழையில் சுவரைத் தொட்டுப் பாருங்கள். குளிர்ச்சியோடு பிசுபிசுப்பும் இருந்தால் அந்த மாதம் மட்டும் படத்தைக் கழற்றிப் பெட்டகத்தில் நிமிர்த்தி வைத்துவிடுங்கள், சுருட்ட வேண்டாம்.